நடுச்சுவரில் உப்பு

சிவமயம்

வெள்ளவத்தை,
3-7-1936

கௌரிக்கு,

உனக்குக் கடிதம் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். அம்மா போய்ப் பதினைந்து மாதம். அன்றிலிருந்து உனக்கும் எனக்கும் பேச்சில்லை, அது அப்படியே இருந்திருக்கலாம். இந்தச் சுவர்தான் என்னை எழுத வைக்கிறது.

நீ வீட்டைவிட்டுப் போக முந்தியே ஐயா இந்த வீட்டை நடுவால் சுவரெழுப்பிப் பிரித்து, கடற்பக்கத்துப் பாதியை உனக்கும் றோட்டுப் பக்கத்துப் பாதியை எனக்கும் சீதன உறுதி எழுதினார். நீ கொட்டாஞ்சேனையில் உன் சவுந்தரநாயகத்தோடு இருக்கிறாய், உன் பாதி பூட்டிக் கிடக்கிறது. சித்திரைக் கடைசியில் அந்தப் பூட்டைத் திறந்து மேசன்மார் நாலு நாள் வேலை செய்தார்கள். நான் எட்டிப் பார்க்கவில்லை. எனக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

ஆனி பிறந்ததிலிருந்து என் பக்கத்தில் நடுச்சுவர் முழுக்க வெள்ளையாய்ப் பூக்கிறது. சீலையால் துடைத்தால் மாவாய் உதிருகிறது, மறுநாள் பார்த்தால் முந்தியதைவிடக் கூட. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. பதினைந்து வருஷமாய் இந்த வீட்டில் இருக்கிறேன், கடற்காற்று எனக்குப் புதிதில்லை. இப்படி ஒரு நாளும் கண்டதில்லை. சுண்ணாம்புப் பூச்சு பொருக்குப் பொருக்காய்க் கழன்று விழுகிறது. சுவாமிப் படங்களையெல்லாம் கழற்றி அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். "ஆரோ செய்வினை வைச்சிருக்கினம்" என்று உன் அத்தான் சொல்ல, ஐயரைக் கூப்பிட்டு மஞ்சள் தண்ணீர் தெளிப்பித்தோம். தெளித்த இடத்தில்தான் இப்போது இன்னும் கூடப் பூத்திருக்கிறது!

மங்கையர்க்கரசிக்குச் சம்பந்தம் பேசுகிறோம். இந்தப் பாதி வீடுதான் அவளுக்குச் சீதனம், வேறு கொடுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. ஐப்பசியில் மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள். சுவர் இப்படிச் சொரிந்துகொண்டு நின்றால் எந்த மடையன் என் பிள்ளையைக் கட்டுவான்?

நீ உன் பக்கத்தில் என்ன செய்தாய்? நேராகப் பதில் எழுது. சுற்றி வளைத்துக் கதைப்பது உனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

அன்னபாக்கியம்

*

கொட்டாஞ்சேனை,
9-7-1936

திருமதி சண்முகலிங்கம் அவர்களுக்கு,

நேராகவே எழுதுகிறேன். என் பக்கத்துச் சுவரில் பழைய சுண்ணாம்புப் பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்துவிட்டு, சீமெந்து பூசி, மேலே இரண்டு தரம் எண்ணெய்ப் பெயின்ற் அடிப்பித்தேன். பச்சை நிறம். பளபளவென்று இருக்கிறது.

செய்தவர் மாளிகாவத்தை மேசன் பௌஸி பாஸ். மனிதர் என்னைத் தடுத்தார், அதையும் மறைக்கவில்லை. "நோனா, இது கபுக்கல் சுவர், செம்மண்ணுல வெட்டின கல்லு. நிலத்து ஈரம் கீழால ஏறும். ரெண்டு பக்கத்தாலயும் மூச்சு உட்டுக் காயும். ஒரு பக்கத்த சீமெந்தி போட்டு அடைச்சா உப்பு சாகாது, அங்கால ஈக்கிறவங்கட பக்கத்தால வரும். அது பாவம்" என்றார்.

"கட்டாயம் வருமோ பாஸ்?" என்று கேட்டேன்.

"மழைக்கு முந்திப் பூசினா ஜூன் மாசம் கண்டுக்கலாம்."

"அப்ப மழைக்கு முந்தியே பூசுங்கோ" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பூச்சுக் கரண்டியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனார்.

விளங்கிச்சுதோ அக்கா? தெரியாத்தனமாய் நடந்த காரியம் அல்ல. கேட்டுத் தெரிந்துகொண்டு செய்தது. அத்தான் செய்வினை என்று சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், செய்தவள் நான். இனி ஐயரைக் கூப்பிடாதீர்கள் என்று சொல்லமாட்டேன். நன்றாகக் கூப்பிடுங்கள். சுவரில் தண்ணீர் பட்டால் உள்ளே கிடக்கும் உப்பெல்லாம் கரைந்து வெளியே வருமாம், பாஸ்தான் சொன்னார்.

ஏன் செய்தாய் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. தெரிந்தவர்கள் ஏன் கேட்கப்போகிறார்கள்? ஆனாலும் நான் எழுதத்தான் போகிறேன். போன வருஷம் சித்திரையில் அம்மா ஐந்து நாள் படுக்கையில் கிடந்தா. கொட்டாஞ்சேனை என்ன சீமையிலா இருக்கிறது? அத்தானின் கந்தோரில் ரெலிபோன் இருக்கிறது. இவர் வேலை செய்கிற துறைமுகப் பண்டகசாலையிலும் ரெலிபோன் இருக்கிறது. ஓர் ஆள் ரெயிலேறி வந்தாலும் ஒரு மணித்தியாலம். நீங்கள் எனக்கு ஆளனுப்பியது ஆறாம் நாள் பின்னேரம், எல்லாம் முடிந்த பிறகு. நான் தலைமயிரைக்கூட முடியாமல் ஓடி வந்தேன். வீடு கழுவிய தண்ணீர் வாசலால் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மணிக்கே எடுத்துவிட்டார்களாம். பெற்ற தாய்க்கு ஒரு பிடி வாய்க்கரிசி போடவில்லை. முகம் பார்க்கவில்லை. நீங்கள் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, "நேரம் சரிவரேல்லை, ஐயர் அவசரப்படுத்திப் போட்டார்" என்றீர்கள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

நான் சிலுவை கும்பிடுகிற ஒரு வேதக்காரனைக் கட்டினால் அம்மா எனக்கு அம்மா இல்லையா? சரி, ஒரு வருஷ ஆட்டைத் திவசத்துக்காவது சொல்லியனுப்புவீர்கள் என்று இந்தச் சித்திரையில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குஞ்சும் வரவில்லை. திவசம் முடிந்து மூன்றாம் நாள் பௌஸி பாஸைக் கூப்பிட்டேன்.

உப்புத் தின்றவர்கள் தண்ணீர் குடிக்கத்தானே வேண்டும். உங்கள் பக்கம் உங்கள் பாடு. உறுதியிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

கௌரி சவுந்தரநாயகம்

*

சிவமயம்

வெள்ளவத்தை,
26-8-1936

கௌரிக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு அடுப்புக்குள் வைத்தேன். அத்தானுக்குக் காட்டவில்லை. காட்டியிருந்தால் நேரே பிரக்கிராசி வீட்டுக்குப் போயிருப்பார். வழக்கு, கோடு, கச்சேரி என்று எங்கள் குடும்பம் சந்தி சிரிக்கும். நீ அதற்குத்தான் வாயைப் பிளந்துகொண்டு இருக்கிறாய். அந்தச் சந்தோசத்தை உனக்குத் தரமாட்டேன்.

உனக்கு மட்டும்தானா கடையில் சீமெந்து கொடுக்கிறார்கள்? தெமட்டகொடையில் ரெயில்வே குவாட்டர்ஸ் கட்டுகிற ஒரு மேசனைப் பிடித்தேன். என் பக்கத்துப் பூச்சையும் கொத்திவிட்டு, நீ பூசியதைவிட இரண்டு மடங்கு தடிப்பாய், நிலத்திலிருந்து கூரையைத் தாங்குகிற முகட்டு வளை வரைக்கும் சீமெந்து போடுவித்தேன். மேலே மஞ்சள் பெயின்ற். இப்போது ஒரு பொட்டு உப்பு இல்லை. கையை வைத்தால் கண்ணாடி மாதிரி வழுக்குகிறது. நீ அங்காலே பச்சையைப் பார்த்துக்கொண்டிரு.

வேலை நடக்கும்போது உன் பௌஸி பாஸ் வாசற் படலையடியில் வந்து நின்றார். ஆர் சொல்லி வந்தாரோ தெரியாது. "நோனா, ரெண்டு பக்கமும் அடைச்சா உள்ளுக்க ஈக்கிற ஈரம் எங்க போற? மேல ஏறி வளையப் புடிக்கும். கல்லத் தின்னும். அல்லாவுக்காகக் கேக்கிறன், நிப்பாட்டுங்க" என்று அழாக்குறையாய்ச் சொன்னார்.

"முதல் பூசினது ஆர் காணும்? உம்மட கொட்டாஞ்சேனை நோனாவிட்டைப் போய்ச் சொல்லும்" என்று துரத்திவிட்டேன். நல்லாய்ச் செய்தேன் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறாய். அதற்கு நான் பதில் எழுதப்போவதில்லை. அந்த ஐந்து நாளும் அள்ளியதும் துடைத்ததும் இந்தக் கை. நீ பூவும் பொட்டுமாய்க் கொச்சிக்கடை வேதக்கோயிலுக்குப் போய் வந்துகொண்டிருந்தாய்.

மாப்பிள்ளை சிவானந்தன், நில அளவைக் கந்தோரில் படம் வரைகிறவர். தகப்பன் இல்லை, தாய்மாமன்தான் எல்லாம் பார்க்கிறார். ஐப்பசி பதினெட்டு வீடு பார்க்க வருகிறார்கள். சொல்லாமல் விட்டேன் என்று பிறகு ஒப்பாரி வைக்காதே. இந்தா, சொல்லிவிட்டேன். வரவேண்டாம்.

அன்னபாக்கியம்

*

(தபாலட்டை)

கொட்டாஞ்சேனை,
1-9-1936

அக்கா,

முகட்டு வளை வரைக்கும் பூசியது மிகவும் நல்லது. மஞ்சள் நிறம் மங்கைக்குப் பிடிக்கும்.

கௌரி

*

வெள்ளவத்தை,
5-11-1936

கௌரி,

உன் எண்ணம் பலித்துவிட்டது. பாற்சோறு பொங்கிச் சாப்பிடு.

முந்தநாள் அவர்கள் வந்தார்கள். தாய், இரண்டு சகோதரிகள், தாய்மாமன். அந்த மாமன் பொது வேலைப் பகுதியில் ஓவர்சியராய் இருந்து பென்சன் எடுத்தவராம், எங்களுக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். வந்தவர் கதிரையில் இருக்கவில்லை. கைத்தடியோடு வீடு முழுக்கச் சுற்றினார். கிணற்றை எட்டிப் பார்த்தார், ஓட்டைப் பார்த்தார். பிறகு நடுச்சுவரடிக்கு வந்து, "நல்ல பெயின்ற், புது வேலை போல" என்று தடியால் ஒரு தட்டுத் தட்டினார். பறை மாதிரிச் சத்தம் கேட்டது. மனிதர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இன்னொரு தட்டுத் தட்டினார்.

ஒரு கதவளவு சீமெந்து அப்படியே பெயர்ந்து விழுந்தது. வெற்றிலைத் தட்டம், வாழைப்பழம், பலகாரம் எல்லாம் அதற்குக் கீழே. மங்கை கோப்பித் தட்டோடு இரண்டடி பின்னால் வந்துகொண்டிருந்தாள். அவள் இன்னும் இரண்டடி வைத்திருந்தால் நான் இன்று உனக்கு வேறு கடிதம் எழுதியிருப்பேன்.

உள்ளே கல்லைக் காணோம், சிவப்புச் சேறுதான். மாமன் பெருவிரலை வைத்து அழுத்தினார், நகம் மறையும் வரைக்கும் உள்ளே போனது. லேஞ்சியில் விரலைத் துடைத்துக்கொண்டு, "சண்முகலிங்கம், நாங்கள் வீடு தாறியள் எண்டுதான் வந்தனாங்கள். இது சேறு" என்றார். ஒருவரும் கோப்பி குடிக்கவில்லை. நேற்று ஆளனுப்பிச் சாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டார்கள். நாலு மாதமாய்ப் பொருந்தியிருந்த சாதகம்!

மங்கை இரண்டு நாளாய்ச் சாப்பிடவில்லை. உன் கதையை அவளுக்குச் சொன்னேன், இனி என்ன மறைப்பு. "சித்தி அப்படிச் செய்யமாட்டா அம்மா" என்கிறாள். உன்னை இன்னும் நம்புகிற ஒரேயொரு சீவன் அவள்தான். அவளுடைய வாழ்க்கையில் மண்ணள்ளிப் போட்டுவிட்டாய். நீ நல்லாயிருக்க மாட்டாய், கௌரி. மனமெரிந்து சொல்கிறேன்.

உனக்கு அம்மாவின் கதை வேண்டும் என்றாயே. இந்தா, முழுக்க எழுதுகிறேன், வாசி.

படுத்த நாளிலிருந்து அம்மாவின் வாயில் ஒரே பேர்தான். "கௌரி வந்திட்டாளோ? கௌரி வந்திட்டாளோ?" கழுவியது நான், புரட்டிப் படுக்கவைத்தது நான். ஒரு தரம் என் பேரைச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் கஞ்சி பருக்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டு, "கௌரி தரட்டும்" என்றா. கஞ்சி என் மடியில் கொட்டியது. அன்றைக்கே என் மனம் விட்டுப்போச்சு. வீட்டைவிட்டு ஓடிப்போனவள் நீ, பக்கத்தில் கிடந்து உழன்றவள் நான். ஆனாலும் அவவுக்கு நீதான் வேண்டும்.

ஐயர் அவசரப்படுத்தவில்லை. உன் அத்தான் கந்தோரிலிருந்து வந்து இரண்டு தரம் கேட்டார், "கௌரிக்குச் சொல்லியாச்சோ?" என்று. ஓம், ஆளனுப்பியாச்சு என்று இரண்டு தரமும் பொய் சொன்னேன். வேண்டுமென்றுதான் செய்தேன். உன்னைப் பார்க்காமல் அவ போகட்டும், அவவைப் பார்க்காமல் நீ இரு என்று நினைத்துத்தான் செய்தேன். நீ மேசனைக் கேட்டுத் தெரிந்துகொண்டு செய்தாய். எனக்கு ஒருவரையும் கேட்கத் தேவைப்படவில்லை.

இதை வாசித்து நீ எரி. அதற்காகத்தான் எழுதினேன்.

அன்னபாக்கியம்

*

கொட்டாஞ்சேனை,
8-11-1936

அக்கா,

எரிந்தேன். நீங்கள் விரும்பியது நடந்தது. குசினிக்குள் நின்று வாசித்தேன், அடுப்பில் இருந்த கறி கருகிப்போனது. இவர் வந்து என்னவென்று கேட்டார், கடிதத்தை அவருடைய கையில் கொடுத்தேன். அம்மா ஐந்து நாளும் என் பேரைச் சொன்னா என்பது உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். என்னை வெறுத்துக்கொண்டு போனா என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அதையும் சேர்த்தல்லவா நீங்கள் என்னிடமிருந்து எடுத்திருக்கிறீர்கள்!

திட்டுவதற்கு முதல் ஒரு காரியம் சொல்கிறேன், கவனமாய் வாசியுங்கள். நடுச்சுவர் அறையில் இனி ஒருவரும் இருக்கவேண்டாம், படுக்கவேண்டாம், சாமான் எடுக்கவும் போகவேண்டாம். நேற்று நீங்கள் கோயிலுக்குப் போன நேரத்தில் பௌஸி பாஸைக் கூட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தைத் திறந்தேன். வளையடியில் சீமெந்தைத் தட்டிவிட்டு அலவாங்குக் கம்பியை வைத்தார். குத்தக்கூட இல்லை, தானாய் இறங்கியது. "நோனா, இந்த வளை இப்ப கல்லுல நிக்கல்ல. சீமெந்திப் பொருக்குல தொங்குது" என்றார். இக்கடிதம் கொண்டுவருகிறவரே பௌஸி பாஸ்தான். முட்டுக் கொடுக்க மரமும் ஆட்களும் கூட வருகிறார்கள். இந்தத் தரமும் அவரைப் படலையடியில் வைத்துத் துரத்தினால் உங்களைப் போல ஒரு விசரி உலகத்தில் இல்லை.

இனி என் குற்றம். அவர் ஆவணியில் உங்கள் வீட்டிலிருந்து நேரே என்னிடம்தான் வந்தார். இரண்டு பக்கமும் பூசினால் என்ன நடக்கும் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். அதற்குப் பிறகுதான் அந்தத் தபாலட்டையை எழுதினேன். மிகவும் நல்லது என்று சிரித்துக்கொண்டு எழுதினேன், அக்கா. சுவர் நாறட்டும், மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் உங்கள் மூக்கு அறுபடட்டும் என்று நினைத்தேன். கோப்பித் தட்டோடு மங்கை அந்த இடத்தில் நிற்பாள் என்று எனக்குத் தோன்றவேயில்லை. என்னை நம்புகிறாள் என்று எழுதியிருந்தீர்களே, அந்த ஒரு வரியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நேற்றே ஓவர்சியருக்கு ஒரு கடிதம் போட்டுவிட்டேன். சுவரைக் கெடுத்தது பெண்ணின் சிற்றன்னை, வேண்டுமென்று செய்தாள், பெண்ணிலும் பெற்றோரிலும் குற்றமில்லை, சுவரை அவளே கட்டிக் கொடுப்பாள் என்று என் பேர் வைத்து எழுதினேன். அவர் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. வெள்ளவத்தை முழுக்க என்னைப் பார்த்துக் காறித் துப்பட்டும்.

மங்கைக்குச் செய்தது பாவம். அவளுடைய காலில் வேண்டுமானாலும் விழுவேன். உங்களுக்குச் செய்ததற்கு எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. உங்களை மன்னிக்கவும் மாட்டேன், நீங்கள் கேட்கவும் வேண்டாம்.

சுவர் முழுவதையும் இடிக்க வேண்டும். பாதி எனது, என் சம்மதமில்லாமல் ஒரு கல்லும் கழற்ற ஏலாது. சம்மதம் தருகிறேன். இனிச் சீமெந்து இல்லை. புதுக் கபுக்கல், களனி ஆற்று மணல், நீற்றின சுண்ணாம்பு. அவசரப்படக் கூடாது என்கிறார் பாஸ். தை வெயிலில் கட்டத் தொடங்கி, நாளுக்கு நாலு வரியாய் ஏற்றி, காயவிட்டு, சித்திரையில்தான் வளைமட்டத்துக்கு வருமாம். அதுவரைக்கும் ஐயா பிரித்த வீடு ஒரே வீடு.

அந்த ஆறு மாதமும் நான் என் பாதியில் வந்து இருக்கப்போகிறேன். இவரிடம் சொல்லிவிட்டேன், அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து போவார். நடுவில் பாய் கட்டக் கூடாது, சீலை தொங்கவிடக் கூடாது. அதுதான் என் நிபந்தனை. ஏன் என்று கேட்டால் சொல்கிறேன். நீங்கள் என்னைக் கண்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. முன்மயிர் நரைத்து, கன்னம் ஒட்டி, வலப்பக்கத்துப் பல்லும் போய்விட்டது. போன மாதம் அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று சீலை உடுத்தபோது நானே திடுக்கிட்டேன். அம்மா நின்றா, அக்கா. அச்சொட்டாய் அம்மா.

காலையில் கண்விழித்தால் முதலில் அந்த முகத்தைப் பாருங்கள். சோறு போடும்போது பாருங்கள், விளக்கு வைக்கும்போது பாருங்கள். கையைத் தட்டிவிட்ட அந்த முகத்துக்கு நேரே இருந்து ஆறு மாதம் சாப்பிடுங்கள். பொறுக்க முடியாமல் நீங்கள் அழுவீர்கள். அன்றைக்கு நிலைக்கதவில் சாய்ந்துகொண்டு அழாமல் நின்றீர்களே, அந்த அழுகையை நான் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை ரெயிலில் வருகிறேன். எனக்கும் சேர்த்து உலை வையுங்கள்.

கௌரி